சிறு உயிரின் பிரிவும் பிள்ளையின் துயரமும்

நாய் இறந்தால் அயலவர் வந்து துக்கம் விசாரிப்பர். பூனை காணாமற் போனால் தெருவெங்கும் அறிவித்தல் ஒட்டுவர். ஆனால் ஒரு பிள்ளை ஆசையோடு வளர்த்த பல்லியினம் ஒன்று இறந்துபோனால் வீட்டிலுள்ளவர்களே சிரித்துவிடுகிறார்கள். "ஓணானுக்கும் ஓர் அழுகையா?" என்ற ஒரு கேள்வியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இது சரியான முறைதானா என்பதைப் பெற்றோரும், பேரன் பேத்தி கண்ட பெரியோரும் ஒருமுறை சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவிலே பிள்ளைகள் விரும்பி வளர்க்கும் ஊர்வனவற்றுள் ஒன்று 'பியர்டட் டிராகன்'. கழுத்தின் கீழே தாடிபோல் விரியும் முள்தோலினால் அதற்கு அந்தப் பெயர் வந்தது. நடு அவுஸ்திரேலியாவின் வறண்ட நிலமே இதன் தாயகம். ஊரில் வேலியோரத்தில் தலையாட்டும் ஓணானும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நன்றாகப் பராமரித்தால் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. பத்து வயதில் இதை வாங்கும் பிள்ளை, பல்கலைக்கழகம் போகும் காலம் வரை இது தன்னோடு இருக்கும் என்றே எண்ணிக்கொள்கிறது. அப்படியான உயிர் மூன்றாம் மாதத்திலோ நான்காம் மாதத்திலோ போய்விட்டால், பிள்ளை இழப்பது வாழ்ந்து முடிந்த உறவையல்ல. தொடங்கிய இடத்திலேயே அறுந்துபோன உறவையே.

மேலும், காலையில் விளக்கைப் போடுவதும், கீரையை நறுக்கி வைப்பதும், வெட்டுக்கிளிக்குச் சுண்ணாம்புச் சத்துத் தூள் தூவிக் கொடுப்பதும் அந்தப் பிள்ளையின் கடமைகளாயிருந்தவை. தாயும் தந்தையும் வேலையால் திரும்பாத மாலை வேளையில், பள்ளிக்கூடத்தால் வந்த பிள்ளையைக் கண்டு கண்ணாடியருகே ஓடிவந்தது அந்த ஓர் உயிர்தான். அப்பம்மாவும் அம்மம்மாவும் கடல் கடந்து இருக்கும் வீடுகளில் இது சிறிய விஷயமல்ல.

பெரியவர்கள் சிரிப்பதற்கும் சினப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஊரிலே ஓணானைக் கண்டால் கல்லெறிவதும், ஈர்க்கிலில் சுருக்குப் போட்டுப் பிடிப்பதுமே சிறுவர் வழக்கமாயிருந்தது. அதைவிட ஆழமான காரணமும் உண்டு. 1983-க்குப் பின் புலம்பெயர்ந்த குடும்பங்களிலும், 2009 வரை நீடித்த போரின் இறுதி நாட்களைக் கண்ட குடும்பங்களிலும், மனிதரையே இழந்து, அவர்களுக்குக் கொள்ளி வைக்கவோ எட்டுச் செலவு செய்யவோ முடியாமற் போனவர்கள் இருக்கிறார்கள். "எத்தனை பேரைப் பறிகொடுத்துவிட்டு வந்தோம், நீ இதற்கு அழுகிறாயா?" என்ற சொல் அவர்கள் வாயில் வருவதைக் கொடுமை என்று சொல்லிவிட முடியாது. அது ஆறாத புண்ணிலிருந்து வரும் சொல்.

ஆயினும் துயரம் தராசில் வைத்து நிறுக்கும் பொருளல்ல. பெரிய இழப்பைக் காட்டிச் சிறிய இழப்பை அடக்கினால், பிள்ளை பெரிய இழப்பின் அருமையைக் கற்றுக்கொள்வதில்லை. தன் துயரத்தை வீட்டாரிடம் சொல்லக் கூடாது என்பதையே கற்றுக்கொள்கிறது. சமூகம் மதிக்காத துயரம் எவ்வளவு பாரமானது என்பதை அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989-இல் வெளியிட்ட தொகுப்பு நூலில் எடுத்துக்காட்டினார். அழ இடம் கிடைக்காத துக்கம் மறைவதில்லை, உள்ளே ஒதுங்கிக்கொள்கிறது. இதைத் தாமே அனுபவித்த தலைமுறை, அதே பாரத்தைப் பிள்ளையின் தலையிலும் ஏற்றலாமா?

சமயமும் சிற்றுயிரைச் சிறுமையாகக் கருதவில்லை. கோயிலிலே நாள்தோறும் ஓதப்படும் சிவபுராணத்தில் மாணிக்கவாசக சுவாமிகள் உயிர் எடுக்கும் பிறவிகளை வரிசைப்படுத்தும்போது ஊர்வனவற்றை விட்டுவிடவில்லை. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பொன்னிறப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் அடியார்கள் தொட்டு வணங்குகிறார்கள். திருவண்ணாமலையில் இரமண மகரிஷியின் அன்புக்குரிய பசு லட்சுமி 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இறந்தபோது ஆசிரமத்திலே சமாதி அமைக்கப்பட்டது. அதனருகே ஒரு மானுக்கும் நாய்க்கும் காகத்துக்கும்கூடச் சமாதிகள் உண்டு. பற்றை அறுத்த ஞானி, பிராணிகளின் மரணத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இங்கே சிலர் பாகவதத்தின் பரத மன்னர் கதையை எடுத்துரைக்கக் கூடும். அரசைத் துறந்து வனம் சென்ற பரதர், தாயை இழந்து ஆற்றில் விழுந்த மான்குட்டியைக் காப்பாற்றி வளர்த்தார். அதன் நினைவிலேயே உயிர்விட்டு மறுபிறவியில் மானாகப் பிறந்தார். எனவே மிருகத்தின்மேல் பற்று ஆகாது என்பது அவர்கள் வாதம். ஆனால் பரதர் குட்டியைக் காப்பாற்றியது குற்றம் என்று அந்தக் கதை சொல்லவில்லை. தம் சாதனையை மறந்து அதிலேயே மூழ்கியதுதான் தடையாயிற்று. அது முதிர்ந்த துறவிக்குரிய பாடம். அழுகின்ற பத்து வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்வது, பசித்தவனுக்கு உபவாசத்தின் பெருமையைச் சொல்வது போன்றதாகும்.

பிள்ளையின் மனத்தை அதிகம் வருத்துவது "என்னால்தான் செத்ததோ?" என்ற கேள்வி. இதற்கு "இல்லை, இல்லை" என்று வெறுமனே மழுப்புவது பயன் தராது. உண்மையைப் பொறுமையோடு விளக்க வேண்டும். இளம் குஞ்சுகள் பிறவியிலேயே நோய்க்கிருமியோடு வருவதுண்டு. குடல் ஒட்டுண்ணிகளாலும் வைரசாலும் இறப்பதுண்டு. காட்டிலே நலிந்த பிராணி மற்றவற்றுக்கு இரையாகிவிடும் என்பதனால், ஊர்வன தம் நோயை மறைத்தே வைத்திருக்கும். வெளியே தெரியும்போது அநேகமாகக் காலம் கடந்திருக்கும். பராமரிப்பிலும் பெரியவர்களே அறியாத நுட்பங்கள் உள. எலும்பு உறுதிபெறத் தேவையான புற ஊதாக் கதிர் சன்னல் கண்ணாடியூடே வராது. அதற்கென உள்ள விளக்கு வெளிச்சம் தந்துகொண்டிருக்கும்போதே அக்கதிர் குறைந்துவிடும். ஆகவே வகைக்கேற்ப 6 முதல் 12 மாதத்துக்கொருமுறை அதை மாற்ற வேண்டும். குளிர்காயும் இடத்தில் ஏறக்குறைய 40 பாகை வெப்பமும் மறுபக்கத்தில் குளிர்ச்சியும் வேண்டும். இரு கண்களுக்கிடையேயுள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சியைக் கொடுத்தல் ஆகாது. இவற்றில் ஏதேனும் தவறியிருந்தால், அது அறியாமையேயன்றி அன்பின்மையல்ல என்பதைப் பிள்ளைக்கு உணர்த்த வேண்டும். விளக்கு வாங்கும் பொறுப்பும் வைத்தியரிடம் கொண்டுபோகும் பொறுப்பும் பெரியவர்களுடையவை. அந்தப் பாரத்தைப் பெரியவர்கள் வாய்விட்டு ஏற்றுக்கொண்டால் பிள்ளையின் நெஞ்சு பாதி ஆறும்.

செய்யத்தக்கவை சிலவற்றையும் குறிப்பிடலாம். முதலாவதாக, இப்பிராணிகள் குளிரினால் அசைவற்றுக் கிடப்பதுண்டு. ஆதலால் மிருக வைத்தியர் உறுதிசெய்யும் முன்னர் அடக்கம் செய்யலாகாது. இறந்த காரணத்தை அறிய விரும்பினால் உடலை உறையவிடாமல், பையில் நன்கு மூடி, குளிரில் வைத்து விரைவில் வைத்தியரிடம் சேர்ப்பிக்க வேண்டும். வீட்டில் வேறு ஊர்வன இருப்பின் இது மிக அவசியம். கையாண்ட பின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவதும் அவ்வாறே.

இரண்டாவதாக, "நித்திரை கொள்கிறது", "ஓடிவிட்டது" என்றெல்லாம் பொய் சொல்லலாகாது. இறந்தது என்றே சொல்ல வேண்டும். குப்பைத் தொட்டியில் போடுவதோ மிகப் பெரிய பிழை. இளங்குழந்தைகளைத் தகனம் செய்யாமல் மண்ணில் இடுவது சைவ வழக்கம். அதேபோல் வீட்டுத் தோட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டி, பிள்ளையின் கையாலேயே ஒரு பூவை இடச் செய்து, தெரிந்த ஒரு தேவாரத்தைப் பாடலாம். இதற்கு ஐயரும் வேண்டாம், செலவும் வேண்டாம்.

மூன்றாவதாக, மறுநாளே கடைக்குப் போய் இன்னொன்றை வாங்கி வரலாகாது. உயிருக்கு உயிர் மாற்றுப் பொருளல்ல என்பதைப் பிள்ளை அறிய வேண்டும். காரணம் தெரிந்து, பெட்டி சுத்தமாகி, பிள்ளையே கேட்கும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் காட்டிலிருந்து பிடிப்பது சட்டவிரோதம். அந்தந்த மாநில அனுமதி விதிகளை அறிந்தே வாங்க வேண்டும்.

கோயிலுக்கு வரும் பிள்ளை முகம் வாடியிருந்தால், அங்கத்தவர்கள் "என்ன நடந்தது, பிள்ளை? அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாய்?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். ஓர் ஓணானுக்காக அழுவதற்கு இடமளித்த வீட்டிலேதான், நாளை பாட்டன் பாட்டியின் இழப்புக்கும், பெற்றோர் இதுவரை சொல்லாமல் வைத்திருக்கும் இழப்புகளுக்கும் பிள்ளை அருகிலிருந்து கண்ணீர் துடைக்கும்.