ஆர்லாண்டோ 3டி: பேரனுக்கு ஓகே... தாத்தா பாட்டிக்கு எது?

மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போகும் அப்பா, அம்மாக்களின் பயணத் திட்டத்தில் நயாகராவுக்கு அடுத்து அடிக்கடி இடம்பிடிக்கும் ஊர், ஃப்ளோரிடா மாநிலத்தில் இருக்கும் ஆர்லாண்டோ. டிஸ்னியும் யுனிவர்சலும் போட்டி போட்டுக்கொண்டு பூங்காக்களைக் கட்டி வைத்திருக்கும் ஊர் இது.

டிக்கெட் எல்லாம் போட்டாச்சு. பேரன் கையைப் பிடித்து இழுக்கிறான். ஆனால், தாத்தாவுக்கு பி.பி. பாட்டிக்கோ மலைப்பாதை பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும். யார் எதில் ஏறலாம்?

வாசலில் கையில் கொடுக்கும் 3டி கண்ணாடி எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே காத்திருப்பதுதான் வேறு. ஓர் அரங்கில் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டு வரலாம். இன்னொன்றில் இறங்கும்போது கைப்பிடியைத் தேட வேண்டியிருக்கும். வரிசையில் நிற்கும் முன் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: 'நாற்காலி அசையுமா, அசையாதா?'

அசையாத நாற்காலி

நம் இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான இடைவெளி இருக்கிறது. அதனால் ஒரே பொருளை இரண்டு கண்களும் லேசாக வேறு கோணத்தில் பார்க்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்து ஆழத்தைக் கணக்கிடுகிறது. இதை 1838-லேயே விளக்கிக் காட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டோன் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. இன்றைய 3டி கண்ணாடி செய்வதும் அதைத்தான். திரையில் சேர்ந்து விழும் இரண்டு படங்களைப் பிரித்து, ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்கான படத்தை மட்டும் அனுப்புகிறது. 1984-ல் வந்த இந்தியாவின் முதல் 3டி படம் 'மை டியர் குட்டிச்சாத்தான்' பார்த்த தலைமுறைக்கு இந்த வித்தை புதிதல்ல.

ஆர்லாண்டோவில் இந்த வகைக்கு நல்ல உதாரணம், மேஜிக் கிங்டம் பூங்காவில் 2003-ல் தொடங்கிய 'மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக்'. டொனால்ட் டக் அடிக்கும் கூத்துதான் கதை. திரையில் பலகாரம் பறக்கும்போது அதன் வாசனை வரும், தண்ணீர் தெறித்தால் உங்கள் முகத்திலும் நாலு துளி விழும். நாற்காலி அப்படியே இருக்கும். உயரக் கட்டுப்பாடு கிடையாது. பாட்டி மடியில் பேத்தியை வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

வருத்தம் என்னவென்றால், இந்த மாதிரி 3டி அரங்குகள் குறைந்துகொண்டே வருகின்றன. யுனிவர்சலில் 'டெர்மினேட்டர் 2: 3டி' 2017-லும், 'ஷ்ரெக் 4-டி' 2022-லும் மூடப்பட்டன. டிஸ்னியில் பூச்சிகள் கதை சொன்ன 'இட்ஸ் டஃப் டு பி எ பக்' 2025 மார்ச்சில் முடிந்து, அதே அரங்கில் 'ஸூடோபியா' காட்சி வந்திருக்கிறது. பொம்மலாட்ட மேதை ஜிம் ஹென்சனின் கடைசிப் படைப்புகளில் ஒன்றான 'மப்பெட் விஷன் 3டி', 1991-லிருந்து ஓடி 2025 ஜூனில் நின்றது. மூன்று தலைமுறை ஒரே வரிசையில் உட்கார்ந்து சிரித்த அரங்கு அது. அதனால், ஃபில்ஹார்மேஜிக் இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஆடும் நாற்காலி

இரண்டாவது வகைக்கு மூலம், விமானிகளுக்குப் பயிற்சி தரும் சிமுலேட்டர். அதைப் பொதுமக்களுக்கான விளையாட்டாக மாற்றி, 1987-ல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் தொடங்கியதுதான் 'ஸ்டார் டூர்ஸ்'. 1989-ல் ஆர்லாண்டோவுக்கும் வந்தது. 2011-ல் அது 3டி ஆனது. இப்போது ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவில் இருக்கிறது.

நாற்பது பேர் உட்காரும் ஓர் அறை, இயந்திரக் கால்கள்மேல் நிற்கிறது. விண்வெளியில் எங்கெங்கோ பாய்ந்த மாதிரி இருக்கும். உண்மையில் அந்த அறை ஒரு பக்கமாகச் சில அடி தூரம்கூட நகர்வதில்லை. ரகசியம் இதுதான்: வண்டி வேகமெடுக்கும் காட்சி வரும்போது அறையை மெதுவாகப் பின்பக்கம் சாய்ப்பார்கள். புவியீர்ப்பு முதுகை இருக்கையில் அழுத்தும். வெளியே எதுவும் தெரியாததால், அந்த அழுத்தத்தை 'வேகம்' என்று உடம்பு நம்பிவிடும். பிரேக் போட வேண்டுமா? முன்பக்கம் சாய்த்தால் போதும்.

யுனிவர்சலில் 1999-ல் வந்த 'ஸ்பைடர்மேன்' இன்னும் ஒரு படி மேலே. அதில் வண்டி தண்டவாளத்திலும் ஓடும், சுழலும், குலுங்கும். அதற்கேற்ப 3டி காட்சியும் கோணம் மாறும். அனிமல் கிங்டம் பூங்காவில் 2017-ல் வந்த 'அவதார் ஃப்ளைட் ஆஃப் பேஸேஜ்' ரைடில் பைக்கில் உட்காருவதுபோல் காலை அகட்டி, முன்னால் சாய்ந்து உட்கார வேண்டும். நீங்கள் ஏறியிருக்கும் பறவை மூச்சு விடுவதுகூடத் தொடையில் தெரியும். மூட்டு வலிக்காரர்கள் வெளியே வைத்திருக்கும் மாதிரி இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

வயிறு ஏன் புரட்டுகிறது?

காதுக்குள் இருக்கும் திரவம்தான் நாம் அசைகிறோமா என்பதை மூளைக்குச் சொல்கிறது. ஓடும் பஸ்ஸில் புத்தகம் படித்தால், காது 'போகிறோம்' என்கிறது, கண் 'சும்மா இருக்கிறோம்' என்கிறது. சிமுலேட்டரில் இது தலைகீழ். கண் 'பறக்கிறோம்' என்கிறது, காது 'அவ்வளவெல்லாம் இல்லை' என்கிறது. இந்தச் சண்டையில் அடி வாங்குவது வயிறு. எனவே, பஸ்ஸில் தலை சுற்றுபவருக்கு இங்கேயும் சுற்ற வாய்ப்பு அதிகம்.

சில யோசனைகள்:

* மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம். வெறும் வயிறும் வேண்டாம்.
* தலையை இருக்கையில் நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். குமட்டினால் கண்ணாடியைக் கழற்றுவது மட்டும் போதாது, கண்ணையே மூடுங்கள்.
* ஆடும் ரைடுகளை அடுத்தடுத்துப் போகாமல், நடுவில் அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.
* கர்ப்பிணிகள், இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து, முதுகுப் பிரச்னை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வாசலிலேயே எழுதியிருக்கும். அது சம்பிரதாயப் பலகை அல்ல.
* ஸ்டார் டூர்ஸ், ஸ்பைடர்மேனுக்குக் குறைந்தபட்ச உயரம் 102 செ.மீ. அவதாருக்கு 112 செ.மீ. கிளம்பும் முன்பே குழந்தையை அளந்துவிட்டால் வாசலில் அழுகை இருக்காது.

'எனக்கு ஒண்ணும் வரலையே!'

எல்லோரும் கை நீட்டிப் பிடிக்க முயலும்போது, உங்கள் குழந்தை மட்டும் 'எதுவும் வெளியே வரலையே' என்று சொன்னால் சிரித்து விட்டுவிடாதீர்கள். மாறுகண், சோம்பேறிக் கண் போன்ற பிரச்னை இருந்தால் இரண்டு படங்களையும் மூளையால் சேர்க்க முடியாது. ஒரு கண்ணால் மட்டும் பார்த்துப் பழகிய குழந்தைக்குத் தன் பார்வையில் குறை இருப்பதே தெரியாது. சின்ன வயதிலேயே கண்டுபிடித்தால் சிகிச்சை நன்றாகப் பலன் தரும். ஊர் திரும்பியதும் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஏறாதவருக்கும் மரியாதை

'இவ்ளோ தூரம் வந்துட்டு பயப்படறீங்களேப்பா' என்று பெரியவர்களை வற்புறுத்துவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வரிசையில் நின்ற பிறகு மனசு மாறினாலும், ஊழியரிடம் சொன்னால் ஏறாமலே வெளியேற வழி காட்டுவார்கள். குழந்தைக்கு உயரம் போதாவிட்டால், அப்பா ஏறும்போது அம்மா குழந்தையோடு காத்திருந்து, அவர் வந்ததும் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். டிஸ்னியில் இதற்கு 'ரைடர் ஸ்விட்ச்' என்றும், யுனிவர்சலில் 'சைல்ட் ஸ்வாப்' என்றும் பெயர். வரிசையில் சேரும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மேலே சொன்ன டிஸ்னி காட்சிகள் மூன்றும் மூன்று தனித்தனிப் பூங்காக்களில் இருக்கின்றன. யுனிவர்சலுக்கு டிக்கெட்டே வேறு. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைத்தால் மிஞ்சுவது கால்வலிதான். வீட்டில் யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று முதல் நாள் இரவே உட்கார்ந்து பேசிவிட்டு, அதற்கேற்ற பூங்காவுக்கு டிக்கெட் போடுங்கள்!