தலைவாசல் திறக்கும் அழகிய கடன்



வல்ல நாயன் மனிதனுக்கு வழங்கியுள்ள அருட்கொடைகளுள் இல்லமும் ஒன்று. திருமறையின் 16ஆவது அத்தியாயம் 80ஆவது வசனத்தில், வீடுகளை அமைதி பெறும் இடங்களாக ஆக்கித் தந்ததை இறைவன் தன் பேருபகாரமாகவே எடுத்துரைக்கின்றான். நல்ல துணைவி, நல்ல அண்டைவீட்டார் ஆகிய பேறுகளோடு விசாலமான வீட்டையும் சேர்த்தே எண்ணினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். ஆயினும் நம் மஹல்லாக்களில் எத்தனை குடும்பங்கள் ஆண்டுக்கொரு வாடகை வீடாக இடம்பெயர்ந்து கொண்டிருக்கின்றன! மாதந்தோறும் தவறாது வாடகை செலுத்தும் உழைப்பாளி, தவணை செலுத்தவும் வல்லவனே. அவனைத் தடுத்து நிறுத்துவது முதற்படியில் கேட்கப்படும் முன்பணமே.

கணக்கிட்டுப் பாருங்கள். 20 லட்சம் ரூபாய்க்கு ஒருவர் வீடொன்றைக் கிரையம் பெற விழைகின்றார் எனக் கொள்வோம். 30 லட்சத்திற்கு உட்பட்ட கடன்களில், வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரையே வங்கிகள் வழங்கலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆக, 2 லட்சம் கைப்பணம் வேண்டும். தமிழகத்தில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்ந்து மேலும் 1 லட்சத்து 80 ஆயிரம் ஆகின்றது. இந்தச் சிறு தொகை இல்லாமையால் மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகின்றது. கந்துவட்டிக்காரன் வாசலும் மிதிக்கப்படுகின்றது. எஞ்சிய 18 லட்சத்தை வங்கியில் 9 விழுக்காடு வட்டிக்கு 20 ஆண்டுக் கடனாகப் பெற்றால், வட்டியாக மட்டும் செல்வது ஏறத்தாழ 20 லட்சத்து 87 ஆயிரம். வாங்கிய கடனை விட வட்டியே பெரிது!

வணிகத்தை ஆகுமாக்கி, வட்டியை விலக்கினான் இறைவன். வட்டி வாங்குவோரை மட்டுமின்றி, கொடுப்போரையும், அதை எழுதுவோரையும், அதற்குச் சாட்சி நிற்போரையும் பெருமானார் (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். இதனை நாம் மிம்பர்களில் முழங்குகின்றோம், முழங்கவும் வேண்டும். ஆனால், "அந்த வாசலில் நுழையாதே" என்று ஓர் இளைஞனைத் தடுக்கும் சமுதாயம், அவன் நுழைய வேறொரு வாசலைத் திறந்து வைத்திருக்கின்றதா? தடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருப்போமாயின், அவனது தவறில் நமக்குப் பங்கில்லை என்று எங்ஙனம் கூற இயலும்?

கி.பி. 622இல் மதீனாவில் நிகழ்ந்ததை நினைவு கூர்வோம். வீடு வாசல் துறந்து வந்த முஹாஜிர்களுக்கு அன்சாரிகள் தங்கள் இல்லங்களைத் திறந்துவிட்டார்கள். பெருமானாரே அபூஅய்யூப் அன்சாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் தங்கினார்கள். தமக்கே தேவையிருந்தும் பிறரை முற்படுத்திய அந்த மேன்மக்களை 59ஆவது அத்தியாயத்தில் இறைவன் புகழ்கின்றான். ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் வாழ்த்திவிட்டு, கடைவீதிக்கு வழி காட்டுமாறு மட்டுமே கேட்டார்கள். கொடுப்பவரின் தாராளமும் பெறுபவரின் தன்மானமும் அங்கே கைகோத்து நின்றன. அந்த இரண்டையும் ஒருங்கே காப்பதுதான் 'கர்ளன் ஹஸனா' எனும் அழகிய கடன். அது பிச்சையன்று, பெற்றவன் தலைநிமிர்ந்து திருப்பித் தருவான். அது வட்டியுமன்று, கொடுத்தவன் இறைவனிடமே கூலி பெறுவான்.

இதனை எவ்வாறு நடைமுறைப்படுத்துவது? 300 குடும்பங்கள் கொண்ட மஹல்லாவில் வீட்டுக்கு மாதம் 200 ரூபாய் நன்கொடையாகச் சேர்ந்தால், ஆண்டுக்கு 7 லட்சத்து 20 ஆயிரம் திரளும். தலா 2 லட்சம் வீதம் முதலாண்டில் மூன்று குடும்பங்களுக்கு முன்பணம் அளிக்கலாம். அவர்கள் மாதம் 4 ஆயிரம் வீதம் 50 மாதங்களில் திருப்பிச் செலுத்தினால், அத்தொகையும் சேர்ந்து அடுத்த ஆண்டில் நால்வருக்கு உதவும். ஒரே ரூபாய் பல குடும்பங்களின் அடித்தளத்தில் மாறி மாறிச் செங்கல்லாகும்!

இங்குச் சில எச்சரிக்கைகள் அவசியம். திருப்பித் தருவதாக வாக்களித்து மக்களிடம் வைப்புத்தொகை திரட்டுதல் கூடாது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. 'ஹலால் இலாபம்' என்ற பெயரால் ஏமாந்தோர் கண்ணீர் இன்னும் காயவில்லை. ஆதலின் நிதி நன்கொடையாகவே இருக்கட்டும். பதிவு பெற்ற அறக்கட்டளையின் பெயரில் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்படட்டும். ஜகாத் பணத்தையும் இதனோடு கலந்துவிடலாகாது. அதற்குரியோர் எட்டு வகையினர் என்று 9ஆவது அத்தியாயம் வரையறுத்துள்ளது. அதைப் பற்றி ஆலிம்களிடம் கேட்டே செயற்படுக.

அளிக்கும் முன்பணம் வட்டிக் கடனுக்கு வழிகோலுவதாகவும் அமைந்துவிடக் கூடாது. விலையை முன்னதாகவே உறுதி செய்து, தவணையில் மனை விற்போர் நம் ஊர்களில் உளர். முதலில் மனை, பின்னர் ஓர் அறை, பின்னர் மற்றவை எனப் படிப்படியாகக் கட்டுவதில் இழிவேதுமில்லை. வசதியுள்ள உறவினர் வீட்டில் பங்குதாரராகச் சேர்ந்து, தம் பங்குக்குரிய வாடகையைப் பெற்றுக்கொண்டு, அப்பங்கைச் சிறிது சிறிதாகக் குடியிருப்பவருக்கே விற்றுவிடும் குறைந்து செல்லும் கூட்டு முறையும் உண்டு. எதுவாயினும் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பாராமல் முன்பணம் தராதீர். 2016ஆம் ஆண்டின் மனைவணிகச் சட்டத்தின்படி, பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இன்றிக் கட்டுமான நிறுவனத்தார் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறுதல் கூடாது என்பதையும் அறிந்து வைத்திருங்கள்.

செல்வந்தர்களே! ஒரே நாள் திருமண விருந்துக்கு நாம் இறைக்கும் பணம் எத்தனை குடும்பங்களின் முன்பணம் என்று எண்ணியதுண்டா? காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் பெண்மகளுக்கு வீடு அளிக்கும் வழக்கம் தொன்றுதொட்டு நிலவுகின்றது. மகளுக்கென ஒரு கூரை இருக்க வேண்டும் என்ற பரிவே அதன் உயிர். அதுவே நிபந்தனையாகிவிடும்போது, தந்தையின் முதுகு வளைகின்றது. அயல்நாட்டில் உழைக்கும் சகோதரனின் இளமை கரைகின்றது. மணமகன் வீட்டாரே! வீட்டைக் கேட்டு நிற்பதை விடுத்து, இளந்தம்பதியர் தாமே ஒரு வீட்டைத் தேடிக்கொள்ள உங்கள் பங்கை முன்பணமாக அளியுங்கள்.

கடன் பெறும் சகோதரர்களே! ஒப்பந்தத்தை எழுதிச் சாட்சி வைத்துக் கொள்ளுங்கள். 2ஆவது அத்தியாயம் 282ஆவது வசனத்தின் கட்டளை அது. கடன்பட்டு இறந்த ஒருவரின் ஜனாஸாத் தொழுகையை நடத்த முன்வராத நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அக்கடனை அபூகத்தாதா (ரலி) அவர்கள் ஏற்றுக்கொண்ட பின்னரே தொழவைத்தார்கள் என்பதை மறவாதீர். நீங்கள் தாமதிக்கும் ஒவ்வொரு தவணையும், வரிசையில் நிற்கும் மற்றொரு குடும்பத்தின் வாசலை அடைக்கின்றது. அதே வேளையில், உண்மையாகவே நலிந்துவிட்டவருக்கு வசதி வரும்வரை அவகாசம் அளிக்குமாறு பணிக்கின்றது 280ஆவது வசனம். நிதி நடத்துவோர் நெஞ்சில் அதுவும் பதிந்திருக்கட்டும்.

இன்று ஜும்ஆ முடிந்து முத்தவல்லியும் ஜமாஅத்தாரும் ஒன்றுகூடும்போது இதனைப் பேசுங்கள். மஹல்லாவில் சொந்த வீடில்லாத உழைப்பாளிகள் எத்தனை பேர் என்று ஒரு பட்டியல் எழுதத் தொடங்குங்கள். அடுத்த ரமளானுக்குள் ஒரே ஒரு குடும்பமேனும் தன் சொந்த வாசலில் நோன்பு திறக்குமாயின், அந்த இஃப்தாரில் எழும் துஆ நம் அனைவரையும் வந்தடையும்.

வல்ல அல்லாஹ் அதற்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்!