வரிபாக்கி ஏலமும் வாங்குவோர் கடமையும்

சர்க்கார் ஏலத்தில் நிலம் மலிவாகக் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஜனங்களிடையே வெகுகாலமாக உண்டு. கையில் சிறிது பணம் சேர்ந்ததும், பாக்கிக்காக ஜப்தியான பூமியைக் குறைந்த விலைக்கு எடுத்துப் பின்னர் லாபத்துக்கு விற்கலாமென்று, இத்தொழிலில் புதிதாக இறங்குவோர் எண்ணுகின்றனர். ஏலம் கேட்பது குற்றமன்று. ஆயினும் சட்டமறியாமல் கேட்பவர் தமக்கும் நஷ்டம் தேடிக்கொண்டு, பாக்கிதாரனுக்கும் அநீதி இழைக்கக்கூடும். ஆதலால் இவ்விஷயத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறுவது அவசியமாகிறது.

தமிழ்நாட்டில் இத்தகைய ஏலங்களுக்கு ஆதாரமாயுள்ளது 1864-ஆம் வருஷத்திய வருவாய் வசூல் சட்டம். அந்நிய ஆட்சி ஒழிந்தது. சென்னை ராஜதானியும் மறைந்தது. அவர்கள் இயற்றிய சட்டம் மட்டும் பெயர் மாறி இன்றும் அமுலில் இருந்து வருகிறது. இதன்படி ஏலம் எடுத்தவர் கிரயத்தில் நூற்றுக்கு 15 வீதம் அப்பொழுதே கட்ட வேண்டும். மீதியை 30 நாட்களுக்குள் செலுத்தத் தவறினால் கட்டிய பணமும் பறிபோகக் கூடும். செலுத்திவிட்டாலும் நிலம் தமதாகிவிட்டதென்று உடனே மகிழ்வதற்கில்லை. ஏலம் நடந்த 30 நாட்களுக்குள் நிலத்துக்கு உடையவரோ அதில் பாத்தியதை கோருபவரோ முன்வந்து, பாக்கி, வட்டி, செலவு இவற்றோடு கிரயத்தில் நூற்றுக்கு 5 வீதமும் கட்டி, ஏலத்தை ரத்து செய்யும்படி கேட்கலாம். விளம்பரத்திலோ ஏலம் நடத்தியதிலோ முக்கியமான முறைகேடு அல்லது மோசடி நேர்ந்திருந்தால், அதே தவணைக்குள் கலெக்டரிடம் மனுச் செய்துகொள்ளவும் வழியுண்டு. இவற்றையெல்லாம் கடந்து ஏலம் உறுதியான பிறகே விற்பனைச் சான்று கைக்கு வரும்.

ஏலத்தில் எடுத்த நிலத்துக்கு வில்லங்கமே கிடையாதென்று சிலர் ஆசை காட்டுகின்றனர். இது பாதி உண்மையே. அந்நிலத்துக்குரிய தீர்வை பாக்கிக்காகவே அது விற்கப்பட்டால், 42-வது பிரிவின்படி வில்லங்கம் நீங்கிவிடும். ஆனால் வேறு பலவிதப் பாக்கிகளும் நிலத்தீர்வை பாக்கியைப் போலவே வசூலிக்கப்படுகின்றன. அவற்றுக்காக நடக்கும் ஏலத்தில் முந்திய அடமானம் தானாக ஒழிந்துவிடாது என்பது கோர்ட்டுகள் நெடுங்காலமாகக் காட்டியுள்ள வித்தியாசம். ஆகவே இது எந்தப் பாக்கிக்கான ஏலம் என்பதே முதற் கேள்வியாக இருக்கவேண்டும். வில்லங்கச் சான்றும் பட்டாவும் அடங்கலும் பார்ப்பதோடு, நேரில் சென்று உழுபவர் யாரென்றும் விசாரிக்க வேண்டும். குத்தகைச் சாகுபடி செய்பவருக்கு 1955-ஆம் வருஷத்திய பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. சுவாதீனத்துக்கு எதிர்ப்பு ஏற்பட்டால் வாங்கியவர் கோர்ட்டுக்குத்தான் செல்ல வேண்டியிருக்கும். அந்தக் கோர்ட்டுச் செலவையும் சேர்த்துப் பார்த்தால், மலிவென்று நினைத்தது மலிவாக இராது.

வாங்குபவரின் லாப நஷ்டத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. 1928-இல் பர்தோலித் தாலுகாவில் நடந்ததைத் தேசபக்தர் எவரும் மறந்திருக்க மாட்டார். பம்பாய் சர்க்கார் தீர்வையை நூற்றுக்குச் சுமார் 22 வீதம் உயர்த்தியபோது, வல்லபாய் படேலின் தலைமையில் குடியானவர்கள் அதைச் செலுத்த மறுத்தனர். நிலங்கள் பறிமுதலாயின, சில அற்ப விலைக்கு விற்கப்பட்டன. சமரசம் ஏற்பட்ட பிறகு அவை உரியவர்களிடமே திரும்பின. பின்னர் விசாரித்த அதிகாரிகள், சுமார் 6 வீத உயர்வுக்கே நியாயமுண்டு என்று கண்டனர். சர்க்கார் ஏட்டில் பாக்கி என்று எழுதியதெல்லாம் நியாயமான பாக்கியாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமோ?

இன்று ஆள்வது நமது சர்க்கார். அதனாலேயே அதன் பொறுப்பும் பெரிது. பாக்கியும் செலவும் போக எஞ்சும் கிரயத்தைப் பாக்கிதாரனுக்கே கொடுக்கவேண்டுமென்று அதே 42-வது பிரிவு விதிக்கிறது. கேள்வி கேட்போர் தமக்குள் கூடிப் பேசி விலையை அமுக்குவார்களானால், சட்டம் அளித்த இந்த மீதி பாக்கிதாரனுக்குக் கிடையாமற் போகும். அவர்கள் கொள்ளும் லாபம் முழுவதும் ஓர் ஏழைக் குடும்பத்துக்கு நியாயமாகச் சேரவேண்டிய பணமே. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன், வெளியூரில் பிழைக்கச் சென்றவன், கணவனை இழந்து தனித்து நிற்கும் பெண் இவர்களுக்கு ஏல அறிவிப்பு உண்மையில் போய்ச் சேர்ந்ததா? 30 நாள் தவணை உண்டென்று அவர்களுக்கு யாராவது சொன்னார்களா?

அறிவிப்பைத் தெளிந்த தமிழில் பாக்கிதாரன் கையில் சேர்ப்பிப்பதும், நிலத்தை மீட்கும் வழியை அதிலேயே எழுதுவதும், எஞ்சிய பணத்தை அவன் அலையாமல் பெறச் செய்வதும் அதிகாரிகளின் கடமை. ஊர்தோறும் பொதுத்தொண்டு செய்வோர் ஏல விளம்பரங்களைக் கவனித்து, உரியவரிடம் சென்று காலத்தில் சொல்வார்களாக. வாங்க விரும்புவோர் கூட்டுச் சூழ்ச்சியில் சேராது, நியாயமான விலையை வெளிப்படையாகக் கேட்பார்களாக. பாக்கியை வசூலிக்கச் சர்க்காருக்கு உரிமையுண்டு. பாக்கிக்கு மேற்பட்ட ஒரு பைசாவிலும் சர்க்காருக்கோ ஏலதாரருக்கோ உரிமையில்லை.