மேனேஜரை மாத்துனா ஜுரம் விட்டுடுமா?

கொஞ்சம் நீளமான இழை. கால்பந்து பார்க்காதவங்களும் வாசிக்கலாம். விஷயம் கால்பந்து மட்டும் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் இங்கிலீஷ் பிரீமியர் லீக்கில் ஏதாவது ஒரு அணி சறுக்கும். ராத்திரி கண் முழிச்சு மேட்ச் பார்க்கும் நம்ம ஊர் ரசிகர்கள் உட்பட அந்த கிளப்பின் ரசிகர்கள் எல்லாரும் ஒரே மருந்தைத்தான் எழுதிக் கொடுப்பாங்க.

"மேனேஜரைத் தூக்கு."

அஞ்சு மேட்ச் தோற்றால் தூக்கு. மூணு டிஃபெண்டரோடு ஆடினால் தூக்கு. நாலு டிஃபெண்டரோடு ஆடினாலும் தூக்கு.

ஒரு மருத்துவனா இதைப் பார்க்கும்போது எனக்கு ரொம்பப் பழக்கப்பட்ட ஒரு குரல் கேட்குது.

"டாக்டர், ஒரு ஊசி போட்டு விட்ருங்க."

*

முதலில், கால்பந்து தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம்.

பிரீமியர் லீக்கில் 20 அணிகள். ஒவ்வொன்றும் 38 ஆட்டங்கள். கடைசி மூன்று இடங்களில் முடிக்கும் அணிகள் அடுத்த நிலை லீக்கான சாம்பியன்ஷிப்புக்கு இறக்கப்படும். இதுதான் ரெலிகேஷன்.

நம்ம ஐபிஎல்லில் கடைசியா வந்தாலும் அடுத்த வருஷம் அதே மேடை. அங்கே அப்படி இல்லை. கீழே போனால் டிவி பணம் சரியும். நல்ல ஆட்டக்காரர்கள் வேறு கிளப்புக்குப் போய்விடுவார்கள். மேனேஜருக்கு ஒப்பந்தப்படி இழப்பீடு கிடைக்கும். அலுவலகத்தில், சமையலறையில், டிக்கெட் கவுண்டரில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் முதலில் அடி விழும்.

அதனால் ரசிகர்களின் பயத்தை நான் குறைத்துப் பேசவே இல்லை. பயம் நியாயமானது. சிகிச்சை சரியா என்பதுதான் கேள்வி.

*

வைரஸ் காய்ச்சல் எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும். முதல் நாள் உடம்பு வலி. இரண்டாம் நாள் காய்ச்சல் ஏறும். மூன்றாம் நாள் உச்சம். அன்றைக்குத்தான் பொறுக்க முடியாம மருத்துவமனைக்கு வருவோம். ஊசி போடச் சொல்வோம். நான்காம், ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கும்.

"அந்த டாக்டர் கைராசி சார். ஒரே ஊசி!"

உண்மையில் பெரும்பாலான வைரஸ் காய்ச்சல் ஊசி போடாவிட்டாலும் அன்றைக்கு இறங்கியிருக்கும். மிக மோசமான நாளில் சிகிச்சை எடுத்தால், அதற்குப் பிறகு வரும் நாட்கள் இயல்பாகவே கொஞ்சம் நல்லாத்தான் இருக்கும். புள்ளியியலில் இதற்கு "சராசரிக்குத் திரும்புதல்" என்று பெயர்.

மருந்து ஆய்வுகளில் மருந்து கொடுக்காத ஒரு குழுவையும் வைத்து ஒப்பிடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. மேனேஜரை எப்போ தூக்குறாங்க? அணி மிக மோசமாக இருக்கும்போது. அதற்குப் பிறகு என்ன ஆகும்? கொஞ்சம் நல்லா ஆடும். பேர் யாருக்கு? புது மேனேஜருக்கு.

*

ஓர் உண்மையான கேஸ் பார்ப்போம். 2022-23 சீசன், கிரிஸ்டல் பேலஸ்.

மேனேஜர் பாட்ரிக் வியேரா. 2023 பிறந்ததிலிருந்து ஒரு வெற்றி கூட இல்லை. லீக்கில் 11 ஆட்டங்கள்: 5 டிரா, 6 தோல்வி. மார்ச் 17 அன்று வெளியே அனுப்பினார்கள். 75 வயது ராய் ஹாட்ஜ்சனைத் திரும்ப அழைத்தார்கள். அவர் கடைசி 10 ஆட்டங்களில் 18 பாயிண்ட் எடுத்தார். அணி 11ஆம் இடம். எல்லாரும் "பார்த்தீங்களா, மேனேஜரை மாத்தினதும்!" என்றார்கள்.

இப்போ எதிரணிப் பட்டியலை எடுத்துப் பாருங்க.

வியேராவின் அந்த 11 ஆட்டங்களில் செல்சியைத் தவிர மற்ற எல்லா எதிரணிகளும் அந்த சீசனை முதல் 9 இடங்களுக்குள் முடித்தவை. மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட் இரண்டு தடவை, நியூகாசில், லிவர்பூல், பிரைட்டன் இரண்டு தடவை...

ஹாட்ஜ்சனின் 10 ஆட்டங்களில் 8 எதிரணிகள் 13ஆம் இடத்துக்குக் கீழேயோ அதிலேயோ முடித்தவை. முதல் மூன்றே லெஸ்டர், லீட்ஸ், சவுத்தாம்ப்டன். மூன்றும் அந்த வருஷம் ரெலிகேட் ஆன அணிகள்!

ஹாட்ஜ்சன் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. அவர் வந்த பிறகு ஆட்டக்காரர்கள் தைரியமாக முன்னேறி ஆடினார்கள், கோல்கள் வந்தன. ஆனால் 18 பாயிண்டில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு அட்டவணையுடையது என்று பிரித்துப் பார்க்காமல் "கைராசி" என்று சொல்லக்கூடாது.

இதை முறையாகப் பார்த்த ஆய்வும் உண்டு. நெதர்லாந்து லீக்கின் 1986 முதல் 2004 வரையான சீசன்களை பாஸ் டெர் வீல் என்ற பொருளியல் அறிஞர் ஆராய்ந்தார். மேனேஜரை மாற்றிய அணிகளையும், அதே மாதிரி சரிவு இருந்தும் மாற்றாத அணிகளையும் ஒப்பிட்டார். மாற்றிய அணிகள் மீண்டன. மாற்றாத அணிகளும் ஏறத்தாழ அதே மாதிரி மீண்டன.

ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்ட கதைதான்.

*

அதே 2022-23 சீசனில் கீழே போன மூன்று அணிகளையும் பாருங்க.

சவுத்தாம்ப்டன்: ஹாசன்ஹூட்டல் போனார், நேத்தன் ஜோன்ஸ் வந்தார், அவரும் போனார், செயெஸ் வந்தார். கடைசி இடம்.

லீட்ஸ்: ஜெஸ்ஸி மார்ஷ் போனார், கிராசியா வந்து போனார், கடைசி 4 ஆட்டங்களுக்கு சாம் அலர்டைஸ். நாலு ஆட்டத்தில் கிடைத்தது 1 பாயிண்ட்.

லெஸ்டர்: ஏப்ரலில் பிரெண்டன் ராட்ஜர்ஸை அனுப்பி டீன் ஸ்மித்தைக் கொண்டு வந்தார்கள். 34 பாயிண்ட், 18ஆம் இடம்.

மூன்று பேருமே மருந்தை மாற்றியவர்கள். லீட்ஸும் சவுத்தாம்ப்டனும் டபுள் டோஸ்.

அதே வருஷம் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்று அக்டோபரில் கடைசி இடத்தில் கிடந்தது. ரசிகர்கள் அடுத்து யார் என்று பேச ஆரம்பித்திருந்த நேரம். கிளப் மேனேஜர் ஸ்டீவ் கூப்பருக்குப் புது ஒப்பந்தம் கொடுத்தது. 38 பாயிண்ட், 16ஆம் இடம். தப்பித்தது.

இதே கூப்பர் பின்னாளில் லெஸ்டருக்கு மேனேஜராக வந்தார். 2024 நவம்பரில் 12 ஆட்டங்களில் 10 பாயிண்டோடு அணி 16ஆம் இடத்தில் இருந்தபோது அவரை அனுப்பிவிட்டார்கள். மீதி 26 ஆட்டங்களில் அந்த அணி எடுத்தது 15 பாயிண்ட். ரெலிகேட் ஆனது.

கூப்பர் இருந்திருந்தால் தப்பித்திருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் மாற்றம் காப்பாற்றவில்லை என்பது கண்ணெதிரே இருக்கிறது.

*

"அப்போ மேனேஜரை மாத்தவே கூடாதா டாக்டர்?"

அப்படி இல்லை. ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் நோயும் இருக்கே! பாக்டீரியா தொற்றுக்கு அதைக் கொடுக்காமல் இருப்பதும் தப்புதான்.

அதே சீசனில் ஆஸ்டன் வில்லா ஜெரார்டை அனுப்பி உனாய் எமெரியைக் கொண்டு வந்தது. ரெலிகேஷன் வாசலில் இருந்த அணி 7ஆம் இடத்தில் முடித்தது. வில்லாவிடம் நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தார்கள், ஆடும் முறை மட்டும் குழம்பியிருந்தது. அந்த நோய்க்கு அது சரியான மருந்து.

எவர்டன் லம்பார்டின் கீழ் 20 ஆட்டங்களில் 15 பாயிண்ட். பிறகு வந்த ஷான் டைச்சின் கீழ் 18 ஆட்டங்களில் 21 பாயிண்ட். கடைசி நாளில் டூக்குரே அடித்த ஒரே கோலில் போர்ன்மவுத்தை வென்று 36 பாயிண்டோடு தப்பித்தார்கள். அங்கே மாற்றம் உதவியிருக்கலாம்.

ஆனால் எவர்டனின் நோய் என்ன? முழு சீசனுக்கும் அவர்கள் அடித்தது 34 கோல். ரிச்சார்லிசனை விற்றுவிட்டார்கள். ஜனவரியில் ஆண்டனி கோர்டனையும் விற்றுவிட்டு ஒருவரைக் கூட வாங்கவில்லை. முதன்மை ஸ்ட்ரைக்கர் கால்வர்ட்-லூவின் காயங்களால் பாதி சீசனுக்கு மேல் ஆடவில்லை. எந்த மேனேஜர் வந்தாலும் இல்லாத ஸ்ட்ரைக்கரை எங்கிருந்து கொண்டு வருவார்?

லெஸ்டரைப் பாருங்க. அவர்கள் 51 கோல் அடித்தவர்கள். எவர்டனை விட 17 கோல் அதிகம்! ஆனால் வாங்கியது 68. அந்தக் கோடையில் கோல்கீப்பர் ஷ்மைக்கேல் போய்விட்டார். டிஃபெண்டர் ஃபொஃபானாவை செல்சிக்கு விற்றார்கள். கோல்கீப்பர் தவிர புதிதாக வாங்கியது ஒரே ஒரு டிஃபெண்டர். 2016இல் சாம்பியன், 2021இல் எஃப்ஏ கப். 2023இல் ரெலிகேஷன்.

இதில் ஆட்டக்காரரை விற்கும் முடிவு, வாங்காமல் விடும் முடிவு எல்லாம் யாருடையது? மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்துகிற மனிதருடையது மட்டுமா?

"மேனேஜரைத் தூக்கு" என்ற கோஷம் ஓனர்களுக்கு ரொம்ப வசதியானது. ஒருத்தரை வெளியே அனுப்பினால் மூணு வாரத்துக்கு யாரும் அவர்களைக் கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்கு இந்தக் கோஷத்தில் பெரிய வருத்தம் இதுதான்.

*

சரி, ஏன் நமக்கு உடனே ஏதாவது செய்தாகணும்னு தோணுது?

286 பெனால்டி கிக்குகளை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. கோல்கீப்பர்கள் 93.7 சதவீதம் இடப்பக்கமோ வலப்பக்கமோ பாய்ந்தார்கள். நடுவிலேயே நின்றிருந்தால் தடுத்திருக்கும் வாய்ப்பு அதிகம் என்று கணக்கு சொன்னது.

பிறகு ஏன் பாய்கிறார்கள்? பாய்ந்து கோல் விட்டால் "முயற்சி பண்ணினான்" என்போம். நின்று கோல் விட்டால் "மரம் மாதிரி நின்னான்" என்போம்.

கிளப் நிர்வாகமும் அப்படித்தான். ஊசி போடாமல் "மூணு நாள் ஓய்வு எடுங்க, தண்ணி நிறைய குடிங்க, இந்த இந்த அறிகுறி வந்தா உடனே வாங்க" என்று சொல்லும் மருத்துவரையும் நாம் அப்படித்தான் பார்க்கிறோம். ஒன்றும் செய்யாதவர் மாதிரி. அவர் பரிசோதித்து, யோசித்து, ஆபத்து அறிகுறிகளைச் சொல்லி, காத்திருக்க முடிவெடுத்தார். அதுவும் சிகிச்சைதான். தேவையில்லாத ஆன்டிபயாட்டிக்குக்கு விலை உண்டு: பக்க விளைவு, செலவு, நாளைக்கு நிஜமாகத் தேவைப்படும்போது மருந்து வேலை செய்யாமல் போவது.

தேவையில்லாத மேனேஜர் மாற்றத்துக்கும் விலை உண்டு: இழப்பீட்டுப் பணம், புதியவர் கேட்கும் புது ஆட்டக்காரர்கள், சீசன் நடுவில் புதுப் பயிற்சி முறை. ஓட்டத்தின் வேகமும் அளவும் திடீரென்று கூடினால் தொடையின் பின்தசைக் காயத்துக்கு வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே ஒருமுறை கிழிந்த தசை என்றால் இன்னும் அதிகம்.

*

அடுத்த தடவை உங்க அணி சரியும்போது "தூக்கு" என்று எழுதுவதற்கு முன் இந்த நாலையும் பாருங்க.

1. கடந்த பத்து ஆட்டத்தில் எதிரணி யார்? அடுத்த பத்தில் யார்?

2. கோல் வாய்ப்புகள் உருவாகுதா? உருவாகியும் உள்ளே போகலைன்னா அது பல சமயம் தானா சரியாகும். வாய்ப்பே உருவாகலைன்னா அது நிஜமான நோய்.

3. முதல் பதினொருவரில் எத்தனை பேர் காயத்தில் இருக்காங்க? எப்போ வருவாங்க?

4. கடந்த இரண்டு கோடையில் யாரை விற்றார்கள், யாரை வாங்கினார்கள்? கையெழுத்துப் போட்டது யார்?

இந்த நாலுக்கும் பிறகும் மேனேஜர்தான் பிரச்சினை என்று தெரிந்தால், தாராளமா கேளுங்க. தாமதமும் பண்ணாதீங்க. லெஸ்டர் ராட்ஜர்ஸை அனுப்பியது ஏப்ரலில். வில்லா ஜெரார்டை அனுப்பியது அக்டோபரில். நோயைக் கண்டுபிடித்த பிறகு தள்ளிப்போடுவதும் ஆபத்துதான்.

*

கடைசியா, மருத்துவனா ஒரு விஷயம்.

2006 உலகக் கோப்பையின்போது மியூனிக் பகுதியில் ஓர் ஆய்வு நடந்தது. ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசர சிகிச்சை தேவைப்பட்டவர்களின் எண்ணிக்கை மற்ற நாட்களைவிட 2.66 மடங்கு. ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு, தூக்கம் இல்லாமல், சிகரெட்டோடு, ரெலிகேஷன் மேட்ச் பார்க்கும் சுகர், பிரஷர் உள்ள அண்ணன்களுக்குச் சொல்றேன். மாத்திரையை மேட்சுக்காகத் தள்ளிப் போடாதீங்க. நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, தாடை வலி, திடீர் வியர்வை வந்தால் "கேஸ்தான், ஃபைனல் விசில் வரட்டும்"னு உட்காராதீங்க. உடனே 108க்கு அழையுங்க.

கிளப் கீழே போனால் திரும்ப மேலே வர வழி இருக்கு. கீழே போன லெஸ்டர் அடுத்த வருஷமே சாம்பியன்ஷிப்பை வென்று வந்தது. லீட்ஸ் 2025இல் வந்தது.

உங்களுக்கு அந்த மாதிரி பிளேஆஃப் எதுவும் கிடையாது. உடம்பைப் பார்த்துக்கோங்க.