பெரிய எண்ணும் சரியான எண்ணும்

மார்கழி பிறந்துவிட்டால் இந்த இதழுக்கு வரும் கேள்விகளில் பாதி பறவையைப் பற்றியவை அல்ல, பறவை பார்க்கும் பைனாகுலர், ஸ்கோப் கண்ணாடிகளைப் பற்றியவை. "குளத்துக்கும் ஆகணும், அளத்துக்கும் ஆகணும். கையில் இருக்கிற காசுக்கு ஒண்ணுதான் வாங்க முடியும். எதை வாங்க?"

கேள்வி பழையது. வேட்டைக்கு அனுமதி உள்ள நாடுகளில் துப்பாக்கிக்கு ஸ்கோப் வாங்குகிறவரும் இதையேதான் கேட்கிறார். அந்தி மங்கலில் புதரோரம் அசையும் விலங்கைக் கண்டுபிடிக்க 3 மடங்கு உருப்பெருக்கம் போதும். 600 மீட்டருக்கு அப்பாலுள்ள இலக்கு அட்டையை நுணுக்கமாகப் பார்க்க 20 மடங்குகூடக் குறைவாகத் தோன்றும். முதலாவதற்கு வெளிச்சமும் அகலமான பார்வைப் பரப்பும் வேண்டும்; இரண்டாவதற்கு நுணுக்கமும் ஆடாத தாங்கியும் வேண்டும். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டைக் கதையை முடித்துவைத்தன. சிறுவயதில் தான் சுட்டு வீழ்த்திய ஒரு குருவி வழியாகத்தான் சாலிம் அலி பறவையியலுக்குள் வந்தார். நாம் துப்பாக்கியைத் தொடாமலே வந்துவிட்டோம். ஆனால் அதன் முதுகில் இருந்த கண்ணாடியின் கணக்கு நமக்கும் பொருந்துகிறது.

கணக்கு எளிது. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 8x42 (8 மடங்கு உருப்பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்வில்லை) பைனாகுலரில் அது 5.25 மில்லிமீட்டர், 10x42-ல் 4.2. 20-60x65 ஸ்கோப்பை 20-ல் வைத்தால் 3.25, 60-க்குத் திருகினால் 1.1 கூட இல்லை. கடையில் பைனாகுலரைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கண்வில்லையின் நடுவே அந்த வட்டம் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பொட்டு சிறுத்தால் படம் இருளும். இருபது வயதுக்காரரின் கண்பாப்பா இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியலாம். அறுபதைத் தாண்டியவருக்கு 5-க்கு மேல் விரிவது அரிது. பெரிய வில்லைக்குக் கொடுக்கும் காசில் எவ்வளவு உங்கள் கண்ணுக்குள் போகும் என்பதை வயதும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

நான் இதைக் கற்றது காயல்பட்டினத்து உப்பளத்தில். தொடக்க காலத்தில் 30 மடங்கு வரை இழுக்கும் ஒரு ஜூம் பைனாகுலரைப் பெருமையோடு வாங்கி வைத்திருந்தேன். ஒரு ஜனவரிக் கணக்கெடுப்பு நாள், காலை பதினொரு மணி. கீற்று மூடிய உப்பு அம்பாரத்துக்கு அப்பால், மழைநீர் தேங்கிய பாத்தியில் சின்ன உள்ளான்கள் ஓடி ஓடி மேய்ந்தன. உடன் வந்த காயல் பையன், அண்ணனை அழைக்கும் ஊர் வழக்கில் கேட்டான்: "காக்கா, கால் கறுப்பா, மஞ்சளா?" கறுப்பென்றால் கொசு உள்ளான், மஞ்சளென்றால் டெமிங்க் உள்ளான். 30-க்கு இழுத்தேன். சூடேறிய தரையிலிருந்து எழுந்த கானல், கால்களை நீரில் கரைத்த மை போல நெளியவிட்டது. என் கை நடுக்கமும் முப்பது மடங்கானது. "கறுப்புதான்" என்று சொல்லி, அங்கிருந்த நாற்பதையும் கொசு உள்ளான் என்று தாளில் எழுதினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே பாத்தி. பையனின் 8x42-ஐ வாங்கிக்கொண்டு, வரப்போரமாகக் குனிந்து நடந்து, பாதித் தூரத்தில் உட்கார்ந்தோம். கூட்டத்தின் ஓரத்தில் சில பறவைகளுக்குக் கால் பளிச்சென்று மஞ்சள். முந்தைய நாள் அவை இருந்தனவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பழைய தாளில் எழுதியதை அடித்துவிட்டு, 'அடையாளம் தெரியாத சிறு உள்ளான் 40' என்று திருத்தினேன்.

கானல் எல்லா விலைக் கண்ணாடிக்கும் ஒன்றுதான்; உருப்பெருக்கினால் அதுவும் சேர்ந்தே பெருகும். அதை வெல்வது நேரமும் நிற்கும் இடமும். வெயிலின் திசைக்கும் அவையே கணக்கு. நம் தாமிரபரணிப் பள்ளத்தாக்கு கிழக்கே சரிவதால், பல குளங்களில் கரை கிழக்குப் பக்கம் இருக்கிறது. காலையில் கரையேறி நின்றால் வெயில் முதுகில் விழும். நாமக்கோழி முதல் ஊசிவால் வாத்து வரை நிறத்தோடு தெரியும். காயல்பட்டினம் கடற்கரையில் நிலைமை தலைகீழ். அங்கே காலைச் சூரியன் கடல்மேல் நின்று கண்ணைக் கூசவைக்கும். ஆலாக்கள் எல்லாம் கறுப்பு நிழல்கள். ஆகவே காலையில் கடலுக்கு முதுகு காட்டி அளத்தைப் பாருங்கள். கடலை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புன்னைக்காயல் கழிமுகத்துக்கும் இதே விதிதான்.

இனி வாங்கும் கணக்கு. ஆளுக்கு ஒரு 8x42. ஆயிரம் மீட்டரில் சுமார் 130 மீட்டர் அகலம் காட்டும். பறக்கும் கூட்டத்தை எண்ண அந்த அகலம் வேண்டும். 60 மடங்கு ஸ்கோப்பில் 20 மீட்டர்தான் கிடைக்கும், கூட்டம் கடந்து போய்விடும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் கண்ணுக்கும் வில்லைக்கும் இடைவெளி 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். நைட்ரஜன் நிரப்பி அடைத்ததாக இருக்கட்டும். கடற்காற்றில் மற்றவை பூசணம் பிடிக்கும். ஸ்கோப் ஆளுக்கொன்று தேவையில்லை. கணக்கெடுக்கும் அணிக்கு ஒரு 65 மில்லிமீட்டர் ஸ்கோப் போதும், சேர்ந்து வாங்குங்கள். மிஞ்சிய காசை ட்ரைபாடில் போடுங்கள். கடற்காற்றில் ஆடும் காலில் நிற்கிற விலையுயர்ந்த ஸ்கோப், கையில் பிடித்த மலிவு ஸ்கோப்புக்குச் சமம். தண்ணீர்ப் புட்டியை நடுத்தண்டில் தொங்கவிட்டால் பாதி ஆட்டம் நிற்கும். உப்புப் படிந்த வில்லையை ஒருபோதும் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ஊதி, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி, பிறகே துடையுங்கள்.

இத்தனை கவனமும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்புக்காகத்தான். அது 2011-இல் தொடங்கியது. மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையமும் தோழமை அமைப்புகளும் ஆண்டுதோறும் தன்னார்வலர்களைக் குளக்கரைகளுக்கு அனுப்புகின்றன. ஒரு குளத்தில் பறவை குறைந்ததா கூடியதா என்பதைப் பல ஆண்டுத் தாள்களை அடுக்கிவைத்துத்தான் சொல்ல முடியும். அந்த அடுக்கில், ஊகித்து எழுதிய ஒரு தவறான பெயர் பக்கத்துத் தாள்களின் கணக்கையும் கெடுக்கும். தெரியாது என்று எழுதிய கட்டம் யாரையும் ஏமாற்றாது.

இந்த ஜனவரியில் உங்கள் கழுத்தில் எந்தக் கண்ணாடி தொங்கினாலும் சரி, கால் நிறம் தெரியவில்லை என்றால் நாலு எட்டு நடங்கள், அல்லது மறுநாள் விடியலில் வாருங்கள். இரண்டும் முடியாதபோது 'அடையாளம் தெரியாதவை' என்று எழுதுங்கள். என் பழைய தாளில் அந்த நாற்பது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.