ஊர்ல இருக்கியா, இல்லியா?

2025 நவம்பர்ல ஒரு நாள் ராத்திரி அம்மா போன். "எய்யா, ஓட்டு பாரம் குடுத்துட்டுப் போயிருக்காவ. நீ இங்கதான் இருக்கன்னு சொல்லவா, வெளியூருன்னு சொல்லவா?"

என்னத்தச் சொல்ல? வீடு, காடு, ரேஷன் கார்டு எல்லாம் மேலநீலிதநல்லூர்ல. நான் மட்டும் பெங்களூர்ல ஒரு வாடகை ரூம்ல, பொட்டி தட்டிக்கிட்டு.

சரி, சட்டம் என்னதான் சொல்லுதுன்னு பாத்தேன். 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, 'சாதாரணமாக வசிக்கிற' தொகுதியிலதான் பேர் இருக்கணும். தற்காலிகமா வெளியூர் போனா உரிமை போயிராதுன்னு பிரிவு 20 சொல்லுது. தற்காலிகம்னா ஆறு மாசமா, ஆறு வருசமா? அது மட்டும் இல்ல. இந்த லட்சணத்துல நான் ஒரு டிசைன் டாக்குமென்ட் குடுத்தா மேனேஜர் மூஞ்சியிலயே விட்டெறிவார் :-)

கூத்து இனிமேதான். அதே பிரிவு 20ல, பதவி வேலையா டெல்லியில இருக்கிற எம்.பி. பதவிக்காலம் முடியிறவரை ஊர்க்காரர்தான். ராணுவ வீரர் பேரு சொந்த ஊர்லயே இருக்கலாம். ரொம்ப நியாயம். 2010ல வந்த திருத்தப்படி, வெளிநாட்டுல இருக்கிற இந்தியக் குடிமகனும் பாஸ்போர்ட்ல உள்ள ஊர்ல பேர் சேத்துக்கலாம். ஆக, துபாய்ல இருக்கிற என் மச்சான் ஊர்க்காரன். திருப்பூர் பனியன் கம்பெனியில தைக்கிற பக்கத்து வீட்டு அண்ணன் 'இடம்பெயர்ந்தவர்'!

2025 டிசம்பர் 19ல வந்த தமிழ்நாட்டு வரைவுப் பட்டியல்ல சுமார் 97 லட்சம் பேர் இல்ல. அதுல 66 லட்சத்துக்கு மேல இடம்பெயர்ந்தவங்க, முகவரியில இல்லாதவங்க கணக்கு. நெசமாவே ஊரை விட்டுப் போனவங்களும் இருப்பாங்க, மறுக்கலை. ஆனா பொங்கலுக்குப் பொங்கல் வந்து நிக்கிறவன்?

"வேலை பாக்குற ஊர்ல ஓட்டு போடேன்"ங்கிறாங்க. கம்பெனி ஷெட்ல படுக்கிறவன், வருசத்துக்கு நாலு கம்பெனி மாறுறவன் எந்த முகவரியை எழுதுவான்?

2023 ஜனவரியில தேர்தல் கமிஷன் ஒரு தொலைதூர வாக்கு எந்திரத்தைக் காட்டுறதுக்குக் கட்சிகளைக் கூப்பிட்டுச்சு. ஒரே எந்திரத்துல 72 தொகுதி. புலம்பெயர்ந்தவர்னா யாருன்னே வரையறை இல்லியேன்னு கட்சிகள் கேட்டது சரியான கேள்வி. அதனாலதான் சொல்றேன், எந்திரம் அப்புறம், மொதல்ல சட்டம். பிரிவு 20ல ஒரு வரி சேருங்க: உள்நாட்டுல பொழைக்கப் போனவன் சொந்த ஊரா, வேலை ஊரா, ஏதாவது ஒண்ணைத் தானே தேர்ந்தெடுக்கலாம்னு. ரெண்டு இடத்துல பேர் இருக்கக் கூடாதுன்னு பிரிவு 17லயே ஏற்கெனவே இருக்கு. அப்புறம் என்ன பயம்?

கடைசியில அம்மா எனக்காகக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. என் பேரு தப்பிச்சுது, அண்ணன் பேரு போச்சு. ரெண்டு பேருமே ஊர்ல இல்ல. எங்க வீட்ல கதவைத் திறக்க ஆள் இருந்துச்சு, அவங்க வீடு பூட்டிக் கெடந்துச்சு. அவ்ளோதான் வித்தியாசம்.

ஓட்டுரிமைங்கிறது பூட்டைப் பாத்து முடிவு பண்ற விஷயமா மக்களே?