திரையில் ஓடும் கரும்புள்ளி: மானிட்டர் மேல் பழி போடாதீர்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பலரும் கேட்கும் கேள்வி இது. "வேர்டைத் திறந்து வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தால் கொசு மாதிரி ஒன்று குறுக்கே ஓடுகிறது. துடைத்தாலும் போகவில்லை. மானிட்டரை மாற்றித் தருவார்களா?" வைரஸாக இருக்குமோ என்று ஆன்ட்டி வைரஸ் ஓட்டிப் பார்த்தவர்களும் உண்டு. சிரிக்க வேண்டாம். கர்சரைத் தவிர எதுவும் அசையாத இடத்தில் வேறொன்று அசைந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

முதலில் ஒரு சிறிய சோதனை. நோட்பேடைத் திறந்து மேக்ஸிமைஸ் செய்திடுங்கள். தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் இடமிருந்து வலமாக நகர்த்துங்கள். புள்ளி அதே இடத்தில் நின்றால் அது தூசி, இல்லாவிட்டால் மானிட்டரில் செத்துப்போன பிக்ஸல். கடைக்காரரிடம் பேச வேண்டிய விஷயம். கண்ணோடு சேர்ந்து ஓடி, கண் நின்ற பிறகும் சற்று மிதந்து அடங்குகிறதா? அப்படியானால் அது உங்கள் கண்ணுக்குள் இருக்கிறது. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தால் எந்தக் கண்ணில் என்பதும் தெரிந்துவிடும்.

மானிட்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நம்ப முடியாதவர்கள் கங்கைகொண்ட சோழபுரம் போய் வாருங்கள். முதலாம் ராஜேந்திர சோழன் எழுப்பிய கோயிலின் புல்வெளியில் நின்று, விமானத்தின் உச்சிக்குப் பின்னால் விரியும் வெறும் வானத்தைப் பாருங்கள். (சூரியன் இருக்கும் பக்கம் பார்க்கக் கூடாது.) அதே கொசு அங்கேயும் பறக்கும். அங்கே மானிட்டர் ஏது? வெளிச்சமான, ஒரே நிறப் பின்னணி எங்கே இருந்தாலும் இது தெரியும். வானம், சுண்ணாம்பு அடித்த சுவர், வேர்டு பக்கம் எல்லாமே அந்த வகைதான். கம்ப்யூட்டர் வாங்கிய பிறகு அப்படி ஒரு பின்னணியை நாள் முழுக்கப் பார்க்கிறோம். அதனால்தான் இப்போது கண்ணில் படுகிறது.

கண்ணின் உட்புறத்தை விட்ரியஸ் என்ற கூழ் நிரப்பியிருக்கிறது. ஏறக்குறைய 4 மில்லி. பெரும்பகுதி தண்ணீர்தான்; மெல்லிய கொலாஜன் இழைகள் அதை நுங்கு போலப் பிடித்து வைத்திருக்கின்றன. ஆனால் நுங்கு முற்றினால் கெட்டியாகும், இது வயதானால் நீர்த்துப் போகும். அப்போது இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். அந்தத் திரளின் நிழல், கண்ணின் பின்சுவரில் இருக்கும் ரெட்டினா என்ற விழித்திரை மேல் விழுகிறது. நாம் பார்ப்பது அந்த நிழலைத்தான். ஆங்கிலத்தில் இதற்கு ஃப்ளோட்டர்ஸ் என்று பெயர். நம் ஊரில் "கண்ணில் பூச்சி பறக்குது" என்பார்கள். ஆண்டுக்கணக்கில் ஒன்றிரண்டு நூலோ புள்ளியோ கூடாமல் குறையாமல் மிதந்தால் பயம் வேண்டாம். ஒரு முறை டாக்டரிடம் காட்டிவிட்டு மறந்துவிடலாம்.

ஆனால் எப்போதும் இப்படி விட்டுவிட முடியாது. நான் இதை எழுதுவதற்குக் காரணமே அந்த மற்ற வகைதான்.

ஐம்பது வயதைத் தாண்டும்போது பலருக்கு இந்தக் கூழ் சுருங்கி ரெட்டினாவை விட்டு விலகும். அதிக மைனஸ் பவர் உள்ளவர்களுக்கும் புரை ஆபரேஷன் செய்தவர்களுக்கும் முன்பே நேரலாம். விலகுவது இயற்கை, பெரும்பாலோருக்கு அத்தோடு சரி. சிலருக்கு எங்கோ ஓரிடத்தில் கூழ் இறுக்கமாக ஒட்டியிருக்கும். விலகும்போது அது ரெட்டினாவை இழுத்துக் கிழித்துவிடுகிறது. சுவரின் விரிசலில் மழைநீர் இறங்கினால் பூச்சு உப்பி விழுவது போல, அந்தக் கிழிசல் வழியாக நீர் பின்னால் புகுந்து ரெட்டினாவையே சுவரிலிருந்து பெயர்த்துவிடும். கிழிசலோடு கண்டுபிடித்தால் லேசரால் சுற்றிலும் வெல்டிங் வைத்தது போல அடைத்துவிடுவார்கள். பெயர்ந்துவிட்டால் பெரிய ஆபரேஷன். அதிலும் நடுப்பகுதி பெயர்வதற்கு முன் செய்தால் பார்வை பெரும்பாலும் காப்பாற்றப்படும். பெயர்ந்த பிறகு செய்தால் பழைய கூர்மை திரும்பாமல் போகலாம். ஒரு காலத்தில் ரெட்டினா பெயர்ந்தால் பார்வை போனதுதான். கிழிசலை அடைக்க வேண்டும் என்று 1920களில் செய்து காட்டியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து டாக்டர் ஜூல் கோனின்.

திடீரென்று பூச்சிகள் வந்து டாக்டரிடம் போனவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2009ல் ஒரு மருத்துவக் கட்டுரை வெளியானது. கூழ் விலகியவர்களில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு ரெட்டினாவில் கிழிசல் இருந்ததாக அது சொல்கிறது. பயமுறுத்தும் எண் அல்ல, அலட்சியப்படுத்தும் எண்ணும் அல்ல.

எனவே இவற்றை மனதில் பதித்துக் கொள்ளுங்கள். புள்ளிகள் திடீரென்று கூட்டமாக வருவது, கரித்தூள் கொட்டியது போலவோ புகை சுருள்வது போலவோ தெரிவது, இருட்டில் கண்ணின் ஓரத்தில் மின்னல் வெட்டுவது, ஒரு பக்கத்திலிருந்து திரைச்சீலை இழுத்தது போல நிழல் மறைப்பது, பார்வை சட்டென்று குறைவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே கிளம்ப வேண்டும். நிழல் மறைத்தால் அடுத்த பஸ் எது என்றுதான் பார்க்க வேண்டும். கண்ணில் பந்தோ கல்லோ பட்ட பிறகு இப்படி ஆனாலும் அப்படியே. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புகை போலத் தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம்.

வலிக்கவில்லையே என்று காத்திருப்பவர்கள்தான் அதிகம். ரெட்டினாவுக்கு வலி தெரியாது. பல்வலி வந்தால் ராத்திரியே ஓடுகிறோம், பார்வை போகும்போது வெள்ளிக்கிழமை வரை பொறுக்கிறோம்.

இந்த இடத்தில்தான் "மானிட்டர்தான் காரணம்" என்ற நம்பிக்கை ஆபத்தாகிறது. குண்டு மானிட்டர் காலத்தில் முன்னால் மாட்ட ஃபில்டர் கண்ணாடி விற்றார்கள். இன்று நீல ஒளியைத் தடுக்கும் மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள். அது கண் களைப்பைக் குறைப்பதாகவே உறுதியான ஆதாரம் இல்லை. கிழிந்த ரெட்டினாவை அது என்ன செய்யும்? பூச்சியைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். காசு போவதுகூடப் பரவாயில்லை. கண்ணாடி மாற்றிப் பத்து நாள், சொட்டு விட்டுப் பத்து நாள் என்று கழிகிறதே, அந்த நாட்கள்தான் நஷ்டம். மானிட்டரைப் பார்ப்பதால் கண் இமைப்பது குறைகிறது, கண் உலர்கிறது, எரிகிறது, தலை வலிக்கிறது. அந்தப் பழியை மானிட்டர் ஏற்றுக்கொள்ளட்டும். இது வேறு.

"இன்டர்நெட்டிலேயே டாக்டரைப் பார்க்க முடியாதா?" என்று இந்தப் பத்திரிகையின் வாசகர்கள் கேட்பது நியாயம். நம் மாநிலம் இதில் முன்னோடிதான். 2000களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனை, தேனி வட்டாரக் கிராம மையங்களை நீண்டதூர வைஃபை மூலம் தன் தேனி மருத்துவமனையோடு இணைத்தது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அமைத்துக் கொடுத்த தொடர்பு அது. (நம் வீட்டு வைஃபை சமையலறை வரை எட்டவில்லை என்பது வேறு கதை.) கிராமத்தில் இருப்பவர் வீடியோவில் டாக்டரிடம் பேச முடிந்தது. 2016ல் கூகுள் ஆராய்ச்சியாளர்கள், சர்க்கரை நோயால் ரெட்டினா கெடுவதைப் படத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கும் புரோகிராமை வெளியிட்டார்கள். அதில் அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளின் பங்கும் இருந்தது.

நல்ல வேலைகள்தான். ஆனால் இப்படி எடுக்கும் படத்தில் பெரும்பாலும் ரெட்டினாவின் நடுப்பகுதிதான் விழும். கிழிசல் வருவதோ ஓரத்தில். சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரியவைத்து, தலையில் மாட்டிய விளக்கும் கையில் ஒரு லென்ஸுமாக டாக்டர் ஓரம் வரை தேடினால்தான் தெரியும். செல்போனில் கண்ணைப் படம் பிடித்து அனுப்பினால் அதில் கிழிசல் தெரியாது. கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் மெஷினாலும் கண்டுபிடிக்க முடியாது. என்னைக் கேட்டால், எந்த அறிகுறிக்கு வீடியோ போதும், எதற்கு நேரில் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு கிராம மையமும் வாசலில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரம், ஜெயங்கொண்டம், மீன்சுருட்டி பக்கத்துக்காரர்களுக்கு தூரம்தான் பிரச்னை. திருச்சி போக ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அரியலூரில் 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது ஒரு வசதி. முதல் பரிசோதனைக்கு அங்கே போகலாம். திருச்சியில் ஜோசப் கண் மருத்துவமனை 1934லிருந்து இருக்கிறது. புதுச்சேரியில் அரவிந்த் இருக்கிறது. எங்கே போவதானாலும் கிளம்பும் முன் போன் செய்து, "ரெட்டினா டாக்டர் இன்று இருக்கிறாரா, லேசர் வசதி உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். "கண்ணில் பூச்சி" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நேற்று மாலையிலிருந்து புதிதாக வந்தது, மின்னலும் தெரிகிறது" என்று சொன்னால் அவசரம் புரியும். எப்போது ஆரம்பித்தது, எந்தக் கண், கண்ணாடி பவர் என்ன, சர்க்கரை உண்டா, முன்பு ஆபரேஷன் நடந்ததா என்பதைச் சீட்டில் குறித்துக் கொள்ளுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சொட்டு விட்ட பிறகு சில மணி நேரம் எழுத்து மங்கும், வெயில் கூசும், பைக் ஓட்டக் கூடாது. கிழிசல் இல்லை என்று சொன்னாலும் சில வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னால் கட்டாயம் போங்கள்; முதல் நாள் இல்லாத கிழிசல் பிறகும் வரலாம். அதற்குள் புள்ளி கூடினாலோ நிழல் விழுந்தாலோ அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் போய்விடுங்கள். வீடு திரும்பிய அன்று கம்ப்யூட்டரை ஆன் செய்திட வேண்டாம். கண்மணி விரிந்த நிலையில் எந்த மானிட்டரும் மங்கலாகத்தான் தெரியும்.